கவுன்சில் வரியைக் கட்டாமல் விடலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

கேள்வி: ஐயா, நான் லண்டனின் வெளிப்புறத்தில் ஒரு பரோவில், அதாவது தனி உள்ளூராட்சிக் கவுன்சில் உள்ள ஒரு பகுதியில், இருக்கிறேன். கணவர் இறந்து ஆறு வருடம். வீட்டில் நான், 81 வயது அம்மா, யூனிவர்சிட்டியில் படிக்கும் 20 வயது மகன். அம்மாவுக்கு 2022-ல் டிமென்ஷியா என்று சொன்னார்கள், அந்த வருடக் கடைசியிலிருந்து, பராமரிப்புத் தேவைப்படும் முதியவருக்கு அரசு தரும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வருகிறது. நான் ஒரு முதியோர் இல்லத்தில் பகுதி நேர வேலை. 2025 ஏப்ரலில் வந்த கவுன்சில் வரி பில் 2,214 பவுண், போன வருடத்தைவிட நூறு பவுண் கூட. நூலகம் வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கிறது, குப்பை இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள், தெருவில் பள்ளம் பள்ளமாகவே கிடக்கிறது. காசு எங்கே போகிறது? ஏப்ரல், மே இரண்டு மாதமும் கட்டவில்லை, ரிமைண்டர் வந்துவிட்டது. கவுன்சிலோடு நாம் ஒப்பந்தம் போடவில்லை, அதனால் கட்டத் தேவையில்லை என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது, உண்மையா? வீட்டின் மதிப்பை வைத்துப் போடும் வரிப் படியில் பக்கத்து வீடு பேண்ட் சி, நான் பேண்ட் டி, இதை மாற்றலாமா? நான் இன்னும் ஸ்ரீலங்கா பாஸ்போர்ட்தான், நிரந்தர வதிவிட விசா இருக்கிறது. வாக்கு இல்லாத என் குரலை யார் கேட்பார்கள்? பெயர் போடவேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் உங்கள் காசு கிடக்கிறது.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். வீட்டில் மூன்று பெரியவர்கள் என்று நினைத்து முழு பில்லையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சட்டத்தின் கணக்கில் உங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள், அது நீங்கள். கவுன்சில் வரி ஒரு வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருப்பார்கள் என்று வைத்துப் போடப்படுகிற வரி, எண்ணப்படுகிறவர் ஒருவர்தான் என்றால் 25 விழுக்காடு கழிவு உண்டு. முழுநேரம் படிக்கிற உங்கள் மகனை எண்ணக்கூடாது. டிமென்ஷியா முற்றிய நிலையில் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் பெறத் தகுதியுள்ள உங்கள் அம்மாவை, ஜிபி, அதாவது குடும்ப வைத்தியர், ஒரு கடிதத்தில் உறுதிப்படுத்தினால், அவரையும் எண்ணக்கூடாது. இதற்குச் சட்டத்தில் உள்ள பெயர் 'சிவியர் மென்டல் இம்பேர்மென்ட்', கேட்க முகம் சுளிக்கவைக்கிற பெயர்தான், எங்கள் ஆட்களில் பலர் அந்தப் பெயரைக் கண்டே படிவத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். அம்மாவுக்குப் பைத்தியம் என்று எழுதிக்கொடுப்பதா என்று ஒரு மகள் என்னிடம் அழுதிருக்கிறார். அது அவமானச் சொல் இல்லை தங்கச்சி, வெறும் சட்டச் சொல், அந்தக் கடிதம் கவுன்சிலின் கோப்புக்குள் போய் அங்கேயே இருக்கும், வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

2,214-ல் கால்வாசி 553 பவுண் 50 பென்ஸ். உங்கள் பில் 1,660 பவுண் 50 பென்ஸாக இறங்கவேண்டும்.

அதோடு முடியவில்லை. ஜிபி அந்தத் தேதியிலிருந்து உறுதிப்படுத்தினால் அம்மா 2022 கடைசியிலிருந்தே இந்த நிபந்தனைக்குள் வந்துவிடுவார், உங்கள் மகனும் பதினெட்டு தாண்டியதிலிருந்து பள்ளி, பிறகு யூனிவர்சிட்டி என்று இடைவிடாமல் முழுநேரம் படித்திருந்தால் அவரும் எந்த மாதத்திலும் எண்ணிக்கையில் வந்திருக்கமாட்டார். ஆகவே அந்தத் தேதியிலிருந்து கழிவைக் கணக்கிட்டுத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். என் கணக்கில் ஆயிரம் பவுணுக்கு மேல் வரும். விண்ணப்பித்த நாளிலிருந்துதான் தருவோம் என்று போனில் யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் ஆட்சேபித்து, இரண்டு மாதத்துக்குள் சரியான பதில் வராவிட்டால், கவுன்சில் வரித் தகராறுகளைத் தீர்க்கிற வேல்யூவேஷன் ட்ரைபியூனலுக்குப் போகலாம். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

நான் 23 வருடம் லண்டன் கவுன்சில்களின் நிதிப் பிரிவில் வேலை செய்தவன், இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களின் பில்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். இந்தக் கழிவைத் தவறவிட்ட வீடுகளைக் காணாத மாதம் கிடையாது. கேட்டால்தான் கிடைக்கும், கேட்காவிட்டால் யாரும் வந்து சொல்லமாட்டார்கள், அது எனக்கு வேலையில் இருந்தபோதும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.

அப்புறம் இன்னொன்று. அம்மாவுக்காக வீட்டில் ஏதாவது மாற்றினீர்களா? கீழே அவருடைய தேவைக்கென்றே ஒரு அறையோ இரண்டாவது குளியலறையோ இருந்தால், அல்லது வீட்டுக்குள் சக்கர நாற்காலி ஓட இடம் தேவைப்பட்டால், பில் ஒரு பேண்ட் கீழே போட்டுக் கணக்கிடப்படும். இதில் கவுன்சில்கள் கொஞ்சம் இறுக்கமாகத்தான் பார்ப்பார்கள், முன்னறையில் கட்டிலைப் போட்டது மட்டும் போதாது என்று சொல்லக்கூடும், ஆனால் விண்ணப்பித்துப் பார்ப்பதில் நட்டம் இல்லை. உங்கள் சம்பளம் குறைவு என்பதால் கவுன்சில் வரி உதவித் திட்டத்துக்கும் விண்ணப்பம் போடுங்கள். ஓய்வு வயதுக்காரருக்கு நாடு முழுக்க ஒரே விதி, வேலை வயதில் இருப்பவர்களுக்கு 2013-லிருந்து ஒவ்வொரு கவுன்சிலும் தன் பாட்டுக்கு விதி போடுகிறது, அதனால் உங்களுக்கு எவ்வளவு வரும் என்று நான் இங்கிருந்து சொல்லமுடியாது. இவை எதிலும் அடங்காமல் உண்மையிலேயே கட்டமுடியாத நிலை வந்தால், 1992-ம் ஆண்டு உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 13ஏ பிரிவில் எவருடைய பில்லையும் குறைக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தப் பிரிவின் எண்ணைக் கடிதத்தில் எழுதுங்கள், எண்ணைக் கண்டால் கடிதம் சரியான மேசைக்குப் போகும்.

சரி, ரிமைண்டர். இதைத்தான் இந்தக் கிழமையே பார்க்கவேண்டும். ரிமைண்டர் வந்து ஏழு நாளுக்குள் பிந்திய தொகையைக் கட்டாவிட்டால், மாதாமாதம் கட்டும் உரிமை போய் முழு வருடக் காசும் ஒரேயடியாகக் கேட்கப்படும், அதற்குப் பிறகு சம்மன்ஸ், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கடனை அறவிட அனுமதிக்கிற லயபிலிட்டி ஆர்டர், அதற்கான செலவும் உங்கள் தலையில். லயபிலிட்டி ஆர்டர் கிடைத்துவிட்டால் உங்கள் சம்பளத்திலிருந்து நேராகப் பிடிக்கலாம், கடன் அறவிட வருகிற பெய்லிஃபுக்கும் கொடுக்கலாம். (பெய்லிஃப் வந்தாலும் கவுன்சில் வரிக் கடனுக்காக உங்கள் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே வரமுடியாது. கதவைத் திறக்காமல் ஜன்னலால் கதைக்கலாம். பயத்தில் திறந்துவிடுகிறவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன்.) நாளைக்கே போன் எடுத்து, கழிவுக்கு விண்ணப்பிக்கிறேன், அதுவரை முழுவதும் கட்டாமல் இவ்வளவு கட்டுகிறேன் என்று ஒரு தொகையைச் சொல்லி, அன்றைக்கே அதில் ஒரு பகுதியைக் கட்டிவிடுங்கள். காசு ஏதாவது வந்துகொண்டிருக்கிற கணக்கை நீதிமன்றத்துக்கு அனுப்ப எந்த அலுவலரும் அவசரப்படமாட்டார், அந்தக் கதிரையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். போனில் கதைத்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள், பிறகு அதையே இமெயிலிலும் அனுப்புங்கள்.

பத்து மாதத் தவணையைப் பன்னிரண்டாக மாற்றக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. இப்போது இரண்டு மாதம் போய்விட்டது, ஆனாலும் ஜூனிலிருந்து மார்ச் வரை பத்து மாதமாகப் பிரித்தால், கழிவு போன 1,660 பவுண் மாதம் 166 ஆக வரும். இப்போது உங்களைப் பயமுறுத்துகிற தொகை மாதம் 221. அடுத்த ஏப்ரலுக்கு முன்னமே கேட்டுவிட்டால் பன்னிரண்டு மாதமும் முழுதாகக் கிடைக்கும்.

வீடியோவைப் பற்றி. பொய். கொஞ்சம்கூட உண்மை இல்லை. கவுன்சில் வரி ஒப்பந்தத்தில் வருகிற கடன் இல்லை, பாராளுமன்றம் போட்ட சட்டத்தில் வருகிற கடன், நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா என்ற கேள்விக்கே அங்கே இடம் இல்லை. 'நான் சுதந்திர மனிதன், உங்கள் சட்டத்துக்கு உடன்படவில்லை' என்று கடிதம் எழுதிய எத்தனையோ பேரின் கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன், ஒருவர்கூட வெல்லவில்லை, ஒவ்வொருவரும் கடைசியில் வரியோடு நீதிமன்றச் செலவும் பெய்லிஃப் கட்டணமும் சேர்த்துக் கட்டினார்கள். இங்கிலாந்தில், கட்ட வழி இருந்தும் வேண்டுமென்றே கட்ட மறுப்பவரை மூன்று மாதம் வரை சிறையில் போட இன்றைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. வேல்ஸ் அதை 2019-ல் எடுத்துவிட்டது, இங்கிலாந்தும் எடுக்கவேண்டும் என்பதுதான் என் எண்ணம், ஆனால் இன்னும் எடுக்கவில்லை. அந்த வீடியோவை உங்களுக்கு அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பெரிய கேள்வி, காசு எங்கே போகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்தக் கோபம் சரியான இடத்துக்குப் போகவேண்டும்.

முதலில் உங்கள் பில்லையே எடுத்துப் பாருங்கள். 2,214-ல் 490 பவுண் 38 பென்ஸ் உங்கள் பரோவுக்கே இல்லை, அது லண்டன் மேயரின் பங்கு, அதில் பெரும்பகுதி பொலிசுக்குப் போகிறது. மீதி 1,723 சொச்சம்தான் உங்கள் கவுன்சிலுக்கு. அந்தப் பங்கைத்தான் 4.99 விழுக்காடு கூட்டியிருக்கிறார்கள். ஏன் சரியாக 4.99? ஐந்தைத் தொட்டால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்பது மத்திய அரசு போட்ட விதி, அதில் பொதுச் செலவுக்கு 3-க்குள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புக்கென்று தனியாக 2. அரசின் கணக்குகளே எல்லாக் கவுன்சிலும் அந்த உச்ச அளவுக்குக் கூட்டும் என்று வைத்துத்தான் போடப்படுகின்றன. கூட்டாத கவுன்சிலுக்கு அந்தக் காசை வேறு யாரும் தரப்போவதில்லை. ஆகவே உங்கள் கவுன்சிலர்கள் கை தூக்கினார்கள் என்பது உண்மை, ஆனால் அந்த எண்ணைத் தீர்மானித்தது மத்திய அரசு.

இது எப்படி இந்த நிலைக்கு வந்தது? 2010-க்கு முன்னால் கவுன்சில்களின் காசில் பெரிய பங்கு மத்திய அரசின் மானியமாக வந்தது. 2010-11-க்கும் 2017-18-க்கும் இடையில், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், அரசு தந்த காசு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, இது தேசியத் தணிக்கை அலுவலகமே சொன்ன கணக்கு. மானியத்தில் அதிகம் தங்கியிருந்தவை ஏழை ஊர்கள், அதனால் வெட்டு விழுந்தபோது ஆழமாகக் காயப்பட்டவையும் அந்த ஊர்கள்தான். நான் வேலையில் இருந்த கடைசிப் பத்து வருடமும் ஒவ்வொரு ஜனவரியும் ஒரே வேலைதான், இந்த வருடம் எதை நிறுத்துவது என்று பட்டியல் போடுவது. இளைஞர் நிலையம், பிள்ளைகளின் சென்டர், பூங்காக் காவலர், தெருவிளக்கு என்று ஒவ்வொன்றாக. நூலகத்தைக் கோடு போட்டு அடித்த நாள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது, என் சொந்தப் பிள்ளைகள் அந்த மாதிரி ஒரு நூலகத்தின் தரையில் இருந்துதான் இங்கிலீஷ் வாசிக்கப் பழகினார்கள்.

ஏன் நூலகம்? ஏனென்றால் அது வெட்டக்கூடியது. சட்டம் கவுன்சிலுக்குச் சில கடமைகளைக் கொடுத்திருக்கிறது, அவற்றைக் காசு இல்லை என்று சொல்லி மறுக்கமுடியாது. ஆபத்தில் உள்ள பிள்ளையைப் பாதுகாப்பில் எடுக்கவேண்டும், தகுதியுள்ள முதியவருக்குப் பராமரிப்புக் கொடுக்கவேண்டும், பிள்ளைகளோடு தெருவுக்கு வந்த குடும்பத்துக்குத் தங்க இடம் கொடுக்கவேண்டும். நூலகத்துக்கும் 1964-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது எத்தனை நாள் திறக்கவேண்டும் என்று சொல்லவில்லை. ஆறு நாள் மூன்று நாளாகிவிடுகிறது. உங்கள் பரோ மாதிரி ஒரு கவுன்சிலின் செலவில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு முதியோர் பராமரிப்பும் பிள்ளைகள் பாதுகாப்பும் எடுத்துக்கொள்கின்றன. அந்தச் சேவை தேவைப்படுகிற வீடுகள் தெருவுக்கு ஒன்றோ இரண்டோ. மிச்சப் பேர் கண்ணால் காண்பது குப்பை வண்டியும் பள்ளமும் நூலகமும்தான், அவைதான் சுருங்கிப்போகின்றன. கூடக் கட்டி, குறையப் பெறுகிறேன் என்று நீங்கள் எழுதியது இதனால்தான் உண்மை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். தேவைகள் மிகச் சிக்கலான ஒரு பிள்ளையைத் தனியார் சிறுவர் இல்லத்தில் வைத்திருக்க வாரத்துக்கு பத்தாயிரம் பவுணுக்கு மேல் போகிற சந்தர்ப்பங்கள் இப்போது அதிகம். வருடத்துக்கு ஐந்து லட்சத்து இருபதாயிரம். உங்களைப் போன்ற பேண்ட் டி வீடுகள் முந்நூறு சேர்ந்து வருடம் முழுக்கக் கவுன்சிலுக்குக் கட்டுவது அந்த ஒரு பிள்ளைக்குப் போகிறது. அந்தப் பிள்ளையைப் பாதுகாக்க வேண்டாம் என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள், நானும் சொல்லமாட்டேன். ஆனால் சிறுவர் இல்லங்களில் ஐந்தில் நாலுக்கு மேல் தனியார் கையில், பெரிய நிறுவனங்கள் எடுக்கும் லாபம் நன்றாக நடக்கிற சந்தையில் இருக்கவேண்டியதைவிட அதிகம் என்று போட்டிச் சந்தைகள் ஆணையம் 2022-ல் சொன்னது. என் கோபத்தில் பாதி அங்கேதான். உங்கள் 1,723 பவுணில் ஒரு பகுதி அந்த லாபத்துக்குள் போகிறது.

வீடில்லாதவர்களின் கதையும் அப்படித்தான். கவுன்சில் ஒரு குடும்பத்தைத் தற்காலிக வீட்டில் வைத்தால், அதற்கு மத்திய அரசு திருப்பித் தருவது 2011 ஜனவரி வாடகை அளவில் 90 விழுக்காட்டுக்குள்தான். இன்றைய லண்டன் வாடகை உங்களுக்குத் தெரியும். இடைவெளி முழுவதையும் பரோ கட்டவேண்டும். நியூஹாமில், எங்கள் ஈஸ்ட்ஹாம் இருக்கிற பரோவில், 2025-ல் மத்திய அரசின் விசேட அனுமதியோடு 8.99 விழுக்காடு கூட்டினார்களே, அதற்கு அவர்கள் முதலில் சொன்ன காரணம் இதுதான். இங்கிலாந்திலேயே தற்காலிக வீடுகளில் அதிகக் குடும்பங்களை வைத்திருக்கிற கவுன்சில் அது. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் மரக்கறி வாங்கப் போனால் அந்தக் குடும்பங்களையும் காணலாம், எங்கள் ஆட்களும் அதில் இருக்கிறார்கள், ஒரே அறையில் நாலு பேர், சமைக்க இடம் இல்லை.

இதில் உங்களுக்கே நேரடியாகச் சம்பந்தம் உள்ள ஒன்றும் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் உங்கள் சம்பளத்தில் ஒரு பங்கு கவுன்சில் வரியிலிருந்துதான் வருகிறது. 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44-லிருந்து 12.21 ஆகக் கூடியது, அதாவது 6.7 விழுக்காடு. அதே மாதம், ஊழியரின் சம்பளத்துக்காக வேலை கொடுப்பவர் அரசுக்குக் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸும் 13.8 விழுக்காட்டிலிருந்து 15 ஆனது. கூலி கூடியது நியாயம், அந்த வேலைக்கு இன்னும் கூடக் கொடுக்கவேண்டும். ஆனால் கவுன்சில் வாங்குகிற பராமரிப்பின் விலை 6, 7 விழுக்காடு ஏற, வரி 4.99 மட்டும் ஏறினால், அதுவும் வரி என்பது கவுன்சிலின் மொத்த வருமானத்தில் ஒரு பகுதிதான் என்னும்போது, இடைவெளி கூடிக்கொண்டே போகும். கவுன்சிலுக்குச் சட்டப்படி பற்றாக்குறை பட்ஜெட் போடமுடியாது. அதனால்தான் நீங்கள் கூடக் கட்டிய நூறு பவுண் நூலகத்துக்கு வந்து சேரவில்லை.

கவுன்சில்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்கவேண்டாம். அவர்கள் தாங்களே செய்த தவறுகளும் இருக்கின்றன, பெரிய தவறுகள். வோக்கிங் என்ற சிறிய கவுன்சில் வானளாவிய கட்டடங்களுக்குக் கடன் வாங்கி, ஆண்டுக்கு 1 கோடியே 60 லட்சம் பவுண் வருமானத்தில் 100 கோடிக்கு மேல் கடன் சேர்த்து, 2023 ஜூனில் 114-ம் பிரிவு அறிவித்தல் கொடுத்தது. கணக்கைச் சமப்படுத்த முடியவில்லை என்று நிதி அதிகாரி கையெழுத்துப் போடுகிற அறிவித்தல் அது, சாதாரணப் பேச்சில் வங்குரோத்து. தெற்கு லண்டனில் உள்ள குரொய்டன் 2020-லும் 2022-லும் அதைக் கொடுத்தது, சொந்தமாக வீடு கட்டும் கம்பெனி தொடங்கி, ஹோட்டல் வாங்கி, காசைத் தொலைத்த கவுன்சில். அதன் விலையாக 2023-ல் அங்கே வரி 14.99 விழுக்காடு கூடியது. அந்தப் பரோவின் தோர்ன்டன் ஹீத்திலும் நோபரியிலும் இருக்கிற எங்கள் குடும்பங்கள் அந்த முடிவு எதையும் எடுக்கவில்லை, கட்டியது அவர்கள். பேர்மிங்ஹாம் 2023 செப்டம்பரில் விழுந்தது, பெண் ஊழியர்களுக்குச் சமச் சம்பளம் கொடுக்காத பழைய பாக்கியும் சரியாக வேலை செய்யாத ஒரு கணினி முறையும் சேர்ந்து.

இவற்றை ஏன் யாரும் முன்கூட்டிப் பிடிக்கவில்லை? கவுன்சில்களின் கணக்கைப் பார்த்த ஓடிட் கமிஷனை 2015-ல் மூடிவிட்டார்கள். தனியார் கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். 2022-23 கணக்குகளில் குறித்த தேதிக்குள் தணிக்கை முடிந்தவை நூற்றுக்கு ஒன்று. வீட்டுக் கணக்கை மூன்று வருடம் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும், அதுதான் ஆனது.

பேண்ட் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீடு இன்றைக்கு என்ன விலை போகும் என்பது கணக்கில் இல்லை, 1991 ஏப்ரல் 1-ல் என்ன விலை போயிருக்கும் என்பதுதான் கணக்கு. 68,000-க்கு மேல் 88,000 வரை என்றால் பேண்ட் டி, 52,000-க்கு மேல் 68,000 வரை என்றால் சி. ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட போல் டாக்ஸை எதிர்த்து நடந்த கலவரத்துக்குப் பிறகு 1993-க்குள் புது வரியைக் கொண்டுவர அவசரப்பட்டார்கள், பல தெருக்களை மதிப்பிட்டவர்கள் காரை இரண்டாவது கியரில் ஓட்டிக்கொண்டே ஜன்னலால் பார்த்து எழுதினார்கள். அதனால் பிழைகள் உண்டு. வேல்ஸில் 2005-ல் மறுமதிப்பீட்டைக் கொண்டுவந்தார்கள், இங்கிலாந்தில் எந்த அரசாங்கமும் அதைத் தொடத் துணியவில்லை, முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதன் விளைவைப் பாருங்கள்: வெஸ்ட்மின்ஸ்டர் பரோவில் பல மில்லியன் பெறுமதியான, மிக உயர்ந்த பேண்டான எச்சில் உள்ள மாளிகைக்கு வருகிற பில், குரொய்டனில் ஒட்டிக் கட்டிய வரிசையில் உள்ள ஒரு பேண்ட் டி வீட்டுக்கு வருகிற பில்லைவிடக் குறைவு. வெட்கப்படவேண்டிய வரி இது, இதை மாற்றவேண்டும் என்று நான் வேலையில் இருந்தபோதே உரக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் விஷயத்தில் அவசரப்படவேண்டாம். பக்கத்து வீடு மட்டும் போதாது, அதே தெருவில் அதே அளவு, அதே மாதிரி உள்ள ஐந்தாறு வீடுகளின் பேண்டை அரசின் இணையத்தளத்தில் இலவசமாகப் பாருங்கள். எல்லாம் சி, நீங்கள் மட்டும் டி என்றால் அதை ஆதாரமாக வைத்து, பேண்டை முடிவுசெய்கிற வேல்யூவேஷன் ஆபீஸுக்கு எழுதலாம். அந்த வீட்டுக்கு வரி கட்டத் தொடங்கி ஆறு மாதம் தாண்டிவிட்டதால் முறைப்படி மேன்முறையீடு செய்யும் உரிமை உங்களுக்குப் பொதுவாக இல்லை, ஆனால் நல்ல ஆதாரம் இருந்தால் பார்ப்பார்கள். முந்திய சொந்தக்காரர் லொஃப்டில், அதாவது கூரைக்குக் கீழே, அறை கட்டியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள், அப்படியென்றால் விற்ற நேரத்தில் பேண்ட் உயர்ந்திருக்கும், அது பிழை இல்லை. மறுபரிசீலனையில் பேண்ட் இறங்கத்தான் வேண்டும் என்றில்லை, ஏறவும் கூடும், சிலவேளை பக்கத்து வீட்டுக்காரரின் பேண்டையும் ஏற்றிவிடுவார்கள், பிறகு முகம் பார்க்கமுடியாது. 'உங்கள் பேண்டைக் குறைத்துத் தருகிறோம், கிடைப்பதில் பங்கு தாருங்கள்' என்று போன் எடுக்கிறவர்களிடம் போகாதீர்கள்.

கடைசியாக, வாக்கு. இதை வாசித்தபோது எனக்கு உண்மையில் மனம் கஷ்டப்பட்டது. உங்களுக்கு வாக்கு இருக்கிறது தங்கச்சி. ஸ்ரீலங்கா கொமன்வெல்த் நாடு, இந்தியாவும் அப்படியே. முறையான விசாவோடு இங்கே வாழ்கிற கொமன்வெல்த் பிரஜைக்குக் கவுன்சில் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கும் உரிமை உண்டு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. பெயரைப் பதியவேண்டும், அது இணையத்தில் ஐந்து நிமிட வேலை, வாக்குச் சாவடிக்குப் போகும்போது உங்கள் ஸ்ரீலங்கா பாஸ்போர்ட்டையே அடையாளமாகக் காட்டலாம். நீங்கள் இத்தனை வருடம் வரி கட்டி ஒருமுறைகூட வாக்குப் போடவில்லை என்றால், எத்தனை கவுன்சிலர்கள் உங்கள் தெருவைக் கணக்கில் எடுக்காமல் வென்றிருப்பார்கள்! 2026 மேயில் லண்டன் பரோக்கள் எல்லாவற்றுக்கும் தேர்தல்.

அதற்கு முன்னாலும் செய்ய ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் 30 வேலை நாட்களுக்குக் கவுன்சிலின் போன வருடக் கணக்குகளை, ஒப்பந்தங்களையும் பில்களையும் உட்பட, ஊர் ஆட்கள் போய்ப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் தணிக்கையாளரிடம் கேள்வியும் கேட்கலாம். நான் வேலை செய்த வருடங்களில் அப்படி வந்து பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஏஜென்சி ஊழியர்களுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், தனியார் இல்லங்களுக்கு வாரம் எவ்வளவு என்று ஒருவர் கேட்டாலே உள்ளே இருக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்த வருட வரியை மார்ச் 11-க்குள் தீர்மானிக்கவேண்டும், அதற்கான கருத்துக் கேட்பு வழக்கமாகக் குளிர்காலத்தில் நடக்கும். நூலக நேரத்தைப் பற்றி எழுதவேண்டிய இடம் அது. வரி கட்டியபிறகு வருகிற கோபத்தைவிட டிசம்பரில் வருகிற முப்பது கடிதங்களுக்குக் கவுன்சிலர்கள் பயப்படுவார்கள். கோயிலில் சந்திக்கிற நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, மொழிபெயர்த்துக் கொடுக்க நான் இருக்கிறேன்.

இப்போதைக்கு நாளைக் காலையில் கவுன்சிலுக்கு ஒரு போன், ஜிபி ரிசெப்ஷனுக்கு ஒரு போன். அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கடிதத்தையும் மகனின் யூனிவர்சிட்டிக் கடிதத்தையும் எடுத்து வையுங்கள், மூல பிரதியை அனுப்பாமல் படம் எடுத்து அனுப்புங்கள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், குறிப்பாக 2022-லிருந்து கணக்கிட மறுத்தால்.